கணவாயின் இரு கரையிலும் சோலைக்கிளி

முதல் நாள் – கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கோத்தகிரியில் இறங்கியதும் பையிலிருந்து சால்வையை எடுக்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் மாமா காத்திருந்தார். என் அம்மாவின் கடைசித் தம்பி. எழுபதைத் தாண்டிவிட்டார், ஆனால் ஏற்றத்தில் எனக்கு முன்னால் நடக்கிறார்.

"ரெண்டு குருவியப் பாக்கவா இத்தன தூரம் வந்த, கண்ணு?" என்று கேட்டார். ஆமாம், அதற்காகத்தான். ஆறு நாளில் இரண்டு மலைகள், மலைக்கு ஒரு குருவி. இங்கே நீலகிரிச் சோலைக்கிளி, கொடைக்கானலில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. வேறு எதையும் பார்க்காமல் திரும்பினாலும் எனக்குச் சம்மதமே.

பெயரைக் கேட்டதும் பச்சைக்கிளி நினைவுக்கு வந்துவிடும். இது அந்தக் கிளி இல்லை. மலையாளத்தில் எந்தச் சிறு பறவையையும் கிளி என்பார்கள், அந்த வழியில் வந்த பெயர். சிட்டுக்குருவி அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளக் கால்கள், அடர்நீல முதுகு. வாழ்வது சோலைக்குள். நாம் சாதாரணமாகச் சொல்லும் பூஞ்சோலை அல்ல; மலை உச்சிகளில் புல்வெளிக்கு நடுவே, தண்ணீர் ஓடும் மடிப்புகளில் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கிற குட்டையான பழங்காடு. நம் 'சோலை' என்ற சொல்லையே அறிவியல் உலகம் அப்படியே எடுத்துக்கொண்டது. 2017ல் இந்தப் பறவைகளுக்கென்று புதிதாக ஒரு பேரினம் வகுத்தபோது அதற்கு 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். சோலையில் வசிப்பது என்று பொருள். படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இரவு ராகிக் களியும் அவரைக் குழம்பும். சாப்பிடும்போது மாமாவிடம் கைபேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பாத்ததில்ல" என்றார். ஒலிப்பதிவைப் போட்டேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இது தெரியும். காலைல வேலைக்குப் போகைல சோலைக்குள்ள இருந்து பாடும். இதுக்குப் பேரு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

இரண்டாம் நாள் – லாங்வுட் சோலை

காலை ஐந்தே முக்கால். வனத்துறையிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். எங்களோடு வந்த காவலர் கையில் ஒரு கம்போடு முன்னால் நடந்தார். புலி, சிறுத்தைக்காக அல்ல. இங்கே பயம் காட்டுமாடுதான். மூடுபனியில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது, மூச்சு விடும் சத்தம் கேட்டால் உண்டு.

லாங்வுட் சோலை மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலை, வீடுகள், சாலை. நடுவில் இது மட்டும் தப்பி நிற்கிறது. சுற்றுவட்டாரத்து ஊர்களுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் வருகிறது. 2024ல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. காட்டை எதற்கு ஈரநிலம் என்கிறார்கள் என்று யாராவது கேட்டால், இங்கே ஒரு நிமிடம் நிற்கவைத்தால் போதும். மரப்பட்டை முழுக்கப் பாசி, பாசி முழுக்கத் தண்ணீர். காலுக்கடியில் இலைச்சருகு பஞ்சு மாதிரி அமுங்குகிறது. அட்டைகள் வேறு, உப்புத் துணியைக் கணுக்காலில் கட்டியிருந்தும் மூன்று ஏறிவிட்டன.

முதலில் சீகாரப் பூங்குருவி பாடியது. மனிதர் யாரோ சாவகாசமாகச் சீட்டியடிப்பது போன்ற அந்தப் பாட்டு ஓடைப் பக்கமிருந்து வந்தது. அப்புறம் நீலகிரிச் சிரிப்பான்கள் கூட்டமாக, பெயருக்கேற்ற சத்தத்தோடு. அவை அடங்கிய பிறகு, கீழே, தரையோடு ஒட்டிய புதருக்குள்ளிருந்து தொடங்கியது நான் தேடி வந்த குரல்.

உயரமான கிளையில் நின்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி பாடுகிற பறவை இல்லை இது. தணிந்த இடம், இருட்டு, மறைவு. பாட்டு மட்டும் நீளம். தெளிந்த சீட்டி ஒலிகளுக்கு இடையே கரகரவென்று ஒரு உரசல், பிறகு மறுபடி தெளிவு. நிறுத்தி நிதானமாக, அடுத்த சொல்லை யோசித்துப் பேசுகிறவர் மாதிரி. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிற வரை மூவரும் அசையவில்லை.

பார்ப்பதற்கு இன்னும் நாற்பது நிமிடம் ஆனது. ஓடைக்கரையில் மண் சரிந்திருந்த இடத்தில் தத்தித் தத்தி வந்தது. நிமிர்ந்து நின்றது. சருகு ஒன்றை அலகால் புரட்டி எதையோ கொத்தியது. முதுகும் மார்பும் மங்கிய நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கருப்பு, வயிற்றின் நடுவில் கொஞ்சம் வெள்ளை. விலாவில் காவி நிறம். அந்தக் காவியைத்தான் பார்க்க விரும்பினேன், நீலகிரிச் சோலைக்கிளியின் அடையாளம் அது. கொடைக்கானலில் இருப்பதற்கு விலாவும் நீலம் கலந்த சாம்பல்தான். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால் நாங்கள் பார்த்தது எது என்று சொல்ல முடியவில்லை.

இந்தச் சிறு பறவை 'அழியும் நிலையில் உள்ளது' என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியல் சொல்கிறது. புலிக்கும் அதே நிலைதான். இப்படிச் சொன்னால் பலரும் வேட்டையாடுகிறார்களா, கூண்டில் அடைக்கிறார்களா என்று கேட்கிறார்கள். பிரச்சினை அதுவல்ல, இடம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, குடகு, பிரம்மகிரி, பாபாபுதன் மலை வரைக்கும் உயரமான பகுதிகளில் இருக்கும் சோலைகள்தான் இதற்கு உலகம். வரைபடத்தில் பரந்ததாகத் தெரியும். ஆனால் நிஜத்தில் அது வாழும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினால் ரொம்பச் சின்னதாகிவிடும். அந்தச் சின்னதும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தரையிலேயே திரிகிற பறவை, தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி அடுத்த துண்டுக்குப் போவது அரிது.

மரப்பொந்திலோ ஓடைக்கரைக் குழியிலோ பாசியால் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டே முட்டைகள். கூடு கட்டும் காலம் இதுதான் என்பதால் ஏழரைக்கெல்லாம் வெளியே வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் – சீகைக் காடு

இன்றைக்குப் பறவை பார்க்கவில்லை. மாமா ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார்.

ஊட்டி போகும் சாலையில் இறங்கி, அரை மணி நேர ஏற்றம். முழுக்கச் சீகை மரம். சீகை என்று இங்கே சொல்வது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தை. பட்டை தோல் பதனிட உதவும். அதற்காகவும் விறகுக்காகவும் காகிதக் கூழுக்காகவும் சீகையையும் கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸையும் மலை மலையாக நட்டார்கள். நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. மரம் இல்லாத நிலம் தரிசு என்பது அன்றைய எண்ணம். புல்வெளி மழையைப் பிடித்து வைத்து ஓடைக்கு மெல்லத் தருவதும், சோலையும் புல்லும் சேர்ந்துதான் ஒரு காடு என்பதும் கணக்கில் வரவில்லை.

"இந்தச் சரிவு பூராவும் நாங்க நட்டது" என்றார் மாமா. இருபது வயதில் கூலிக்குப் போயிருக்கிறார். குழி எடுப்பது ஆண்கள், நாற்றுச் சுமப்பது பெண்கள். "மரம் நடறோம், நல்ல காரியம்னுதான் நெனச்சேன், கண்ணு. புல்லுதான இருந்துச்சு." அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கூலியில்தான் என் அம்மாவின் கல்யாணச் செலவில் பாதி நடந்தது.

சீகை நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் ஒரேயடியாக முளைக்கும். ஆளை வைத்து வெட்டினால் அடுத்த மழைக்கு நெருக்கமாக எழும்பும். 2022ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதில் கவனம் வேண்டும் என்பது நான் இன்றைக்கு என் கண்ணால் பார்த்தது. ஒரு மடிப்பில், வயதான சீகை மரங்களின் நிழலில், சோலை மரக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் போட்ட விதை. அயல் மரம் என்று அந்த இடத்தை மொட்டையடித்தால் இந்தக் கன்றுகள் வெயிலில் கருகும், அதன் இடத்தில் சீகைதான் மறுபடி வரும். அதே சமயம் மேலே திறந்த சரிவில் இருப்பதை விட்டுவைத்தால் மிச்சமிருக்கும் புல்லும் போய்விடும். ஒரே மலையில் இருநூறு அடி இடைவெளியில் இரண்டு விதமான வேலை.

மாமா ஒரு கன்றின் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "இது நாவல் ஜாதி" என்றார். இறங்கும்போது அந்த மடிப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான்காம் நாள் – கணவாய்

மாமாவிடம் விடைபெற்று அதிகாலைப் பஸ். கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி, அப்புறம் கொடைக்கானல். நாள் முழுக்க ஜன்னலோரம்.

பொள்ளாச்சியை நெருங்கும்போது காற்று முகத்தில் அறைந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்குச் சுவர் மாதிரி நிற்கிற மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே மட்டும் ஏறக்குறைய முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்து கிடக்கிறது. ரயிலும் லாரியும் காய்கறியும் கல்யாணச் சம்பந்தமும் இதன் வழியாகத்தான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகின்றன. நமக்கு வாசல். ஆயிரத்து இருநூறு மீட்டருக்குக் கீழே அதிகம் இறங்காத ஒரு குருவிக்கு இதுவே கடல்.

அந்தக் கடலின் இரண்டு கரையிலும் நின்றுபோனவைதான் இந்த இரண்டு சோலைக்கிளிகள். 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிப் பறவையை விவரித்தவர் ஜெர்டன் என்ற மருத்துவர். பழனி மலைப் பறவையை 1868ல் பிளான்ஃபோர்டு விவரித்தார். ஆனால் பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு வடிவம் என்று சேர்த்துவிட்டார்கள். வெகுகாலம் அப்படியே இருந்தது. 2005ல் பறவை நூலாசிரியர்கள் ராஸ்முசெனும் ஆண்டர்டனும் மறுபடி பிரித்தார்கள். அதன் பிறகு பறவை ஆய்வாளர் வி.வி. ராபினும் அவரோடு சேர்ந்தவர்களும் மலை மலையாக ஏறி மரபணுவை ஆராய்ந்தபோது, பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் எவ்வளவு ஆழமாகப் பிரிந்திருக்கின்றன என்பது தெரிந்தது. பல லட்சம் வருடப் பிரிவு. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலையில் இருப்பதையும் 2017ல் தனி இனமாக முன்வைத்தார்கள்.

பெயரைப் பிரிப்பது பண்டிதர்களின் வேலை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்றாக எண்ணிய வரைக்கும், குடகிலிருந்து தென்கோடி வரை ஒரே பறவை, பரவாயில்லை, ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. பிரித்த பிறகு அப்படிச் சொல்ல வழியில்லை. நீலகிரியில் போனால் போனதுதான். கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து விட்டு இட்டு நிரப்ப முடியாது.

பட்டியலில் இரண்டும் வேறு வேறு படியில் இருக்கின்றன. நீலகிரிப் பறவை 'அழியும் நிலை'. வெண்வயிறு அதற்கு ஒரு படி கீழே, 'பாதிக்கப்படக்கூடிய நிலை'. ஆபத்து அதற்கும் உண்டு, அளவில் குறைவு என்று அர்த்தம். சிவப்புப் பட்டியலின் அளவுகோல்களில் ஒன்று நிலப்பரப்பு. ஓர் இனம் உண்மையில் குடியிருக்கும் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, அது துண்டு துண்டாகவும் குறைந்துகொண்டும் போனால் 'அழியும் நிலை'. 2,000க்குக் கீழே என்றால் 'பாதிக்கப்படக்கூடிய நிலை'. தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனி மலை, மேகமலை என்று உயர்ந்த மலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அது வெண்வயிற்றுக்குக் கிடைத்த கொடுப்பினை.

பழனி தாண்டி மலை ஏறும்போது இருட்டிவிட்டது. பெருமாள்மலைத் திருப்பத்தில் டீ குடித்தேன். இங்கேயும் குளிர்.

ஐந்தாம் நாள் – வட்டக்கானல்

கூட வந்த தம்பிக்கு இருபத்து நான்கு வயது. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவர். "அக்கா, அஞ்சரைக்கு ரோட்டுக்கு வந்துருங்க. ஆறு மணிக்கு மேல வண்டி வர ஆரம்பிச்சுரும், அப்புறம் அது உள்ள போயிரும்" என்று நேற்றே சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. அரை இருட்டில், சோலையை ஒட்டிய சாலை ஓரத்தில், மண் தரையில் தத்திக்கொண்டிருந்தது வெண்வயிறு.

நீலகிரியில் நாற்பது நிமிடம் காக்க வைத்ததோடு ஒப்பிட்டால் இது கையில் வைத்துக் கொடுத்த மாதிரி. நெற்றியோரம் வெள்ளைப் புருவம் பளிச்சென்று தெரிந்தது. நீலகிரிப் பறவையிடம் அது மங்கலாகத்தான் இருந்தது. விலாவில் காவி இல்லை, நீலச் சாம்பல் அப்படியே இறங்கி வெள்ளை வயிற்றில் முடிகிறது. நிற்கிற விதம், சருகைப் புரட்டுகிற விதம், சட்டென்று நிமிர்வது எல்லாம் அச்சு அசல் அதேதான். பெரியம்மா மகளைப் பார்க்கிற உணர்வு. சாயல் ஒன்று, முகம் வேறு.

சிரிப்பானிலும் இதே கதைதான். நீலகிரியில் பார்த்தது வயிறு முழுக்கச் செம்பழுப்பு. இங்கே இருக்கும் பழனிச் சிரிப்பானுக்குச் சாம்பல் மார்பில் கோடுகள். அதே கணவாய் அதையும் பிரித்திருக்கிறது.

பாட்டு ஆறு மணி வாக்கில் தொடங்கியது. தம்பியின் கவனமெல்லாம் அதில்தான். "அக்கா, இந்தப் பள்ளத்துல பாடுறதுக்கும் அந்தப் பக்கம் பாடுறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்" என்றார். நான் நம்புகிறேன், ஏனென்றால் இதையே ராபின் குழு பதிவு செய்து அளந்து காட்டியிருக்கிறது. பழங்காலத்துப் பள்ளத்தாக்குகளால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு மாறியிருப்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் நேற்று முந்தாநாள் மாதிரி, மனிதர் காட்டை அழித்ததால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும் மாறியிருக்கிறது, வேறு விதத்தில். குஞ்சு பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டுத்தான் கற்கிறது. பக்கத்துச் சோலைக் குரல் காதில் விழாவிட்டால் தன் சோலைக்குள் உள்ளதை மட்டுமே கற்கும். உடம்பில் மாற்றம் வர யுகங்கள் ஆகும், பாட்டில் சில தலைமுறையிலேயே வந்துவிடுகிறது.

ஏழு மணிக்கு ஒருவர் பெரிய கேமராவோடு வந்தார். புதருக்கு முன்னால் ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்துச் சோலைக்கிளியின் பாட்டை ஓடவிட்டார். உள்ளே இருந்த பறவை உடனே வெளியே வந்து இங்கும் அங்கும் தாவியது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று அது நினைக்கிறது. கூடு கட்டும் காலத்தில் இரை தேடவும் குஞ்சைப் பார்க்கவும் வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியோடு போராடிச் செலவழிக்கும். தம்பி போய்ப் பணிவாகச் சொன்னார், "சார், முட்டை வச்சிருக்கிற நேரம். வேணாம் சார்." அவர் நிறுத்திவிட்டார். ஆனால் வாரம் முழுக்க எத்தனை பேர் வருகிறார்கள், எல்லோரிடமும் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. பாட்டு ஓடவிட்டு எடுத்த படம் எனக்கு வேண்டாம். பறவையை நேசிப்பவர்கள் இதை விட்டுவிட வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மாலை, வட்டக்கானலைச் சுற்றியுள்ள சோலையோரங்களில் நடந்தேன். பிளாஸ்டிக் பாட்டில் நிறைய. ஒரு பை நிரம்பியது, அடுத்த பை என்னிடம் இல்லை.

ஆறாம் நாள் – மன்னவனூர் வழி

கடைசி நாளைப் புல்வெளிக்கு வைத்திருந்தேன். பூம்பாறை தாண்டி மன்னவனூர் போகும் வழியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சம்தான். 1973 முதல் 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை வைத்து அரசுமணியும் அவர் குழுவும் செய்த ஆய்வு 2018ல் வெளிவந்தது. அந்த நாற்பது வருடத்தில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரத்தோட்டமும் விவசாயமும் எடுத்துக்கொண்டன. 2013ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 608 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள்ளேயும் சீகை நிற்கிறது.

ஒரு மடிப்பில் சின்னஞ்சிறு சோலை. பத்து வீட்டு மனை அளவு இருக்கலாம். மூன்று பக்கமும் புல், ஒரு பக்கம் சீகை. உள்ளே ஒரு வெண்வயிறு பாடிக்கொண்டிருந்தது. வேறொன்று பதில் சொல்லும் என்று காத்திருந்தேன். இருபது நிமிடம் ஆகியும் பதில் வரவில்லை. அதன் பாட்டைக் கைபேசியில் பதிந்துகொண்டேன்.

மத்தியானம் சிக்னல் கிடைத்ததும் அதை மாமாவுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு உடனே கூப்பிட்டார்.

"இது நம்ம சோலைக் குருவி இல்லியே, கண்ணு."

"இல்ல மாமா. கொடைக்கானல்ல இருக்கறது."

"அதான பாத்தேன். ராகம் வேற மாதிரி இழுக்குது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பின்னால் மாமி யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார், "அங்கயும் சீகை இருக்குதா?"

"இருக்குது மாமா."

"அதுக்கு அடில கன்னு ஏதாச்சும் வந்திருக்குதான்னு பாத்துட்டு வா."

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்தச் சோலைக்கே திரும்பிப் போனேன். சீகை நிழலில் குனிந்து தேடினோம். முழங்கால் உயரத்தில் நான்கு கன்றுகள், அதில் ஒன்று நாவல் ஜாதி. படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.